மந்தத்தின் சுமை யார் தலையில்? அரசு ஊதியமும் தனியார் ஊதியமும், 1931–2021

1931 செப்டம்பரில் இந்திய அரசின் நிதி உறுப்பினர் ஜார்ஜ் சூஸ்டர் அவசர நிதிநிலை அறிக்கை ஒன்றை மத்திய சட்டசபையில் வைத்தார். வரிகள் ஏறின. அரசு ஊழியர் சம்பளத்தில் பத்து சதவீத வெட்டும் கூடவே வந்தது. 1933-இல் அந்த வெட்டு பாதியானது. 1935-இல் அறவே நீங்கியது. ஊழியரின் சம்பளத் தொகையிலேயே அரசு கைவைத்த அந்த நேர்வழி அதன்பின் ஏறக்குறையக் கைவிடப்பட்டது. நிதி நெருக்கடி வந்தபோதெல்லாம் ஆட்சியாளர்கள் வேறு வழிகளைத் தேடினார்கள்: உயர்வை முடக்குவது, நிலுவையைத் தள்ளிப்போடுவது, புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்துவது, ஓய்வூதியத்தை மாற்றியமைப்பது. இவற்றைக் காலவரிசையில் வைத்துப் பார்த்தால் ஒரு போக்கு புலப்படுகிறது. மந்தத்தின் சுமை, உள்ளே இருக்கும் ஊழியரிடமிருந்து மெல்ல நகர்ந்து, இனிமேல் வேலைக்கு வரவேண்டியவர் தலையில் இறங்கியிருக்கிறது. தனியார் துறையிலோ அது அன்றும் இன்றும் வேலையின் மீதே, உடனுக்குடன் விழுகிறது.

விலை விழுந்த காலம்

1931 வெட்டைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒன்றைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த ஆண்டுகளில் விலைவாசி பத்து சதவீதத்தைவிட மிக அதிகமாகச் சரிந்தது. சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறக்குறையப் பாதிக்கு வந்துவிட்டது. மாதம் 100 ரூபாய் வாங்கிய அரசு அலுவலர் வெட்டுக்குப் பின் 90 ரூபாய் வாங்கினார். அந்த 90 ரூபாய்க்கு முன்னைவிட அதிக அரிசி கிடைத்தது. அடிபட்டவர், நெல்லை விற்றுக் கிஸ்தி கட்ட வேண்டியிருந்த விவசாயி. நெல் விலை பாதியானாலும் கிஸ்தி அதற்கேற்பக் குறையவில்லை.

கூலிக்கு உழைத்தவர் நிலை இதைவிட மோசம். மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்களில் ஆண்களுக்கு நாள் கூலி 50 சென்ட் என்றிருந்தது. 1930-இல் அது 40 சென்ட்டாகி, பின்னர் இன்னும் இறங்கியது. ரப்பர் விலை வீழ்ந்ததும் தோட்டங்கள் ஆட்களைக் குறைக்க, 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். ஒரே மந்தம்தான்; ஒருவருக்கு மூன்றாண்டுக்கும் சற்று மேல் பத்து சதவீதமோ ஐந்து சதவீதமோ பிடித்தம், இன்னொருவருக்குக் கடல் தாண்டிய பிழைப்பே போயிற்று. அரசு உத்தியோகத்தின் மேல் நம் ஊரில் ஏற்பட்ட மோகத்துக்குச் சம்பளத்தின் அளவைவிட இந்த வேறுபாடே முதற்காரணம் என்று கருதுகிறேன்.

மேல்மட்ட அதிகாரிகளின் கொழுத்த சம்பளத்தின் மீது கசப்பும் அப்போதே வளர்ந்தது. 1931 மார்ச்சில் கராச்சி காங்கிரஸ், அரசுப் பணியில் மாதச் சம்பளம் பொதுவாக 500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று தீர்மானித்தது. 1937-இல் ராஜாஜி அமைச்சரவையினர் 500 ரூபாய்ச் சம்பளத்தோடு பதவி ஏற்றனர். கீழ்மட்ட ஊழியர் இந்த விவாதத்தில் அதிகம் இடம்பெறவில்லை.

பஞ்சப்படியும் வாழ்க்கைக் கூலியும்

இரண்டாம் உலகப் போர் கணக்கைத் தலைகீழாக்கியது. இப்போது விலை ஏறியது, சம்பளம் நின்றது. அந்த இடைவெளியை அடைக்கப் பிறந்ததே பஞ்சப்படி. இன்று அதற்குப் பெயர் அகவிலைப்படி. 1946-இல் எஸ். வரதாச்சாரியார் தலைமையில் அமைந்த முதல் ஊதியக் குழு, முப்பதாண்டுக்கு முந்தைய இஸ்லிங்டன் குழுவின் கொள்கையை மறுபரிசீலனை செய்தது. தகுதியானவரைச் சேர்க்கவும் தக்கவைக்கவும் எவ்வளவு தேவையோ அவ்வளவே தருவது என்பது இஸ்லிங்டன் கொள்கை. சந்தை தரும் விலைதான் அதன் அளவுகோல். வரதாச்சாரியார் குழு, வாழத் தேவையான கூலி என்ற பக்கம் சாய்ந்து, கடைநிலை ஊழியருக்கு 30 ரூபாய் அடிப்படை ஊதியமும் 25 ரூபாய்ப் படியும் பரிந்துரைத்தது.

1957-இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு இதற்கு ஒரு சூத்திரமும் வகுத்தது. ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி என்ற அதன் உணவுக் கணக்கு, குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த வாலஸ் அய்க்ராய்டுடையது. 2015-இல் ஏழாவது ஊதியக் குழு 18,000 ரூபாய் என்ற குறைந்தபட்ச ஊதியத்தை வந்தடைந்ததும் இதே சூத்திரத்தின் வழியாகத்தான். வேலைநிறுத்தம் செய்து பெற்ற உரிமை இது என்று சொல்வோர் உண்டு. பாதி உண்மை. மறுபாதி, தன்னை ஒரு முன்மாதிரி முதலாளியாகக் காட்டிக்கொள்ள வேண்டும் என்ற புதிய குடியரசின் ஆசை.

அந்த ஆசை 1974-இல் சோதனைக்கு வந்தது. பணவீக்கம் 25 சதவீதத்தைத் தொட்ட ஆண்டு அது. மே 8 தொடங்கி 27 வரை ரயில்வே வேலைநிறுத்தம் நடந்து ஒடுக்கப்பட்டது. ஜூலையில் வந்த அவசரச் சட்டம், ஊதிய உயர்வு முழுவதையும் கூடுதல் அகவிலைப்படியில் பாதியையும் கட்டாய வைப்பாக முடக்கியது. அரசு ஊழியர், தனியார் ஊழியர் இருவரையும் அது ஒரே கயிற்றில் கட்டியது. பிறகு எந்த அரசும் அதற்குத் துணியவில்லை.

தமிழகம், 2001–2006

ஐந்தாவது ஊதியக் குழுவின் தலைவர் நீதிபதி எஸ். ரத்தினவேல் பாண்டியன். 1997-இல் வந்த அவரது அறிக்கை ஊதிய உயர்வோடு, பத்தாண்டில் ஆள்பலத்தை 30 சதவீதம் குறைக்கவும் சொன்னது. மத்திய அரசு முதற்பகுதியைப் பரிந்துரைத்ததற்கும் மேலாகக் கொடுத்தது. இரண்டாவதைக் கிடப்பில் போட்டது. மாநிலங்களும் அதே வழியில் சம்பளத்தை உயர்த்தி, சில ஆண்டுகளிலேயே மூச்சுத் திணறின.

தமிழக அரசு 2001 ஆகஸ்டில் நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் பணி நியமனத் தடை வந்தது. 2002-இல் சாலைப் பணியாளர்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் ஒரே ஆணையில் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். ஓய்வூதியப் பலன்களும் ஈட்டிய விடுப்புச் சரண் போன்ற சலுகைகளும் சுருங்கவே, 2003 ஜூலை 2-இல் அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். மாநிலத்தின் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டமான டெஸ்மா பாய்ந்தது. ஏறக்குறைய 1.7 லட்சம் பேர் விசாரணையின்றிப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். ஆகஸ்ட் 6 அன்று டி.கே. ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது என்று தீர்ப்பளித்தது. மன்னிப்புக் கேட்டு உறுதிமொழி தந்தவர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர்.

இந்த மோதலின் நாடகத்தன்மை எல்லார் நினைவிலும் இருக்கிறது. அதன் ஓரத்தில் நடந்த ஒன்றுதான் நிலைத்தது. 2003 ஏப்ரல் 1-க்குப் பின் பணியில் சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றானது. சம்பளத்தில் பத்து சதவீதம் பிடிக்கும் பங்களிப்புத் திட்டம்தான். அதே காலத்தில் ஆசிரியர்கள் காலமுறை ஊதியத்தில் அல்லாமல் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டனர். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 3,000 ரூபாய். பக்கத்து வகுப்பறையில் அதே பாடம் நடத்தியவர் வாங்கியது இதைப்போல் இரு மடங்குக்கும் மேல் இருந்திருக்கும். 2006-இல் நியமனத் தடை விலகியது; ஆட்சி மாறியதும் சாலைப் பணியாளர் திரும்பினர், தொகுப்பூதியக்காரர்கள் காலமுறைக்கு வந்தனர். ஓய்வூதிய மாற்றம் மட்டும் அப்படியே நின்றது. தெருவில் இறங்கிய தலைமுறையை அது தொடவில்லை. தொடப்பட்டவர்கள் அன்று வேலையிலேயே இல்லை.

2008: நிலுவைத் தொகை வந்த வேளை

2008 ஆகஸ்ட் 14-இல் மத்திய அமைச்சரவை ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகளை ஏற்றது. செப்டம்பர் 15-இல் அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் திவாலானது. இடையே ஒரு மாதம்தான்.

மத்திய அரசு அலுவலகத்தில் மேல்நிலை எழுத்தர் ஒருவரின் கணக்கைப் பார்ப்போம். 2006 ஜனவரியில் அவருடைய அடிப்படை ஊதியம் 4,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அகவிலை ஊதியம் 2,250, இரண்டின் மேலும் 24 சதவீத அகவிலைப்படி 1,620, ஆக 8,370. புதிய முறையில் 4,500-ஐ 1.86-ஆல் பெருக்கினால் அதே 8,370 வரும். அதன்மேல் தர ஊதியம் 2,400 சேர்ந்து 10,770. உயர்வு என்பது அந்த 2,400 மட்டுமே. ஆனால் அது 2006 ஜனவரியிலிருந்து கணக்கு. 32 மாத நிலுவை அறுபதாயிரத்துக்குக் குறையாது. அதில் 40 சதவீதம் அந்த நிதியாண்டிலேயே கைக்கு வந்தது, மீதி அடுத்த ஆண்டில். தமிழக அரசின் ஆணை 2009 ஜூன் 1-இல் வந்தது, நிலுவை மூன்று ஆண்டுத் தவணைகளில்.

மத்தியத் தொழிலாளர் பணியகத்தின் மாதிரி ஆய்வு, 2008 அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஜவுளி, வாகனம், நகைத்தொழில், ஐ.டி. உள்ளிட்ட துறைகளில் 5 லட்சம் வேலைகள் போனதாகக் கணித்தது. இந்த எண்ணிக்கையில் திருப்பூர் சரியாகப் பிடிபடாது. பனியன் கம்பெனியில் சம்பளம் சனிக்கிழமை தோறும்; கணக்கு ஷிப்டில். ஆர்டர் இருக்கும் வாரம் நாளுக்கு ஒன்றரை ஷிப்ட், பீஸ் ரேட்காரருக்கு அதற்கும் மேலே. ஆர்டர் வராவிட்டால் யாரும் யாரையும் நீக்க வேண்டியதில்லை, ஷிப்ட் குறையும். கொஞ்ச நாளில் ஆளே ஊருக்குப் போய்விடுவார். ஐ.டி. நிறுவனத்தில் திட்டப்பணி இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்தவருக்குக் குறைந்தது ஒரு கடிதமாவது வந்தது.

சந்தை சுருங்கிய அந்த நேரத்தில் அரசு ஊழியர் கையில் வந்த நிலுவை, கார், இருசக்கர வாகன விற்பனையைத் தாங்கிப் பிடித்தது என்று பொருளியலாளர் பலர் பாராட்டுகின்றனர். விளைவைப் பொறுத்தவரை சரி. ஆனால் அதைத் திட்டமிட்ட மருந்து என்று சொல்வது மிகை. 2006-இல் குழு அமைத்தபோது லேமனை யார் நினைத்தார்கள்?

பெருந்தொற்றும் அதன் பின்னும்

2020 ஏப்ரல் 23-இல் மத்திய அரசு அகவிலைப்படியை 17 சதவீதத்தில் நிறுத்தியது. மூன்று தவணைகள் முடங்கின. 2021 ஜூலையில் விகிதம் 28 ஆனது. இடைக்கால நிலுவை கிடையாது. தமிழக அரசும் அதைப் பின்பற்றியது, ஈட்டிய விடுப்புச் சரணையும் நிறுத்தியது. ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கியது, மறு ஆண்டில் 60. ஓய்வுக்காலப் பணத்தைத் தள்ளிப்போட அது கைகொடுத்தது. வாசலில் நின்ற இளைஞருக்கு இரண்டு ஆண்டு கதவு மூடியது. கேரளம் 1931-இன் பாதைக்குக் கிட்டத்தட்டத் திரும்பி, மாதம் ஆறு நாள் சம்பளத்தை ஐந்து மாதம் பிடித்து வைத்தது. அதுவும் பின்னால் தருவதாகச் சொல்லியே.

தனியாரிடம் முழுச் சம்பளம் கொடுக்கச் சொன்ன உள்துறை ஆணையின் ஆயுள் இரண்டு மாதம்கூட இல்லை. மார்ச் 29-இல் வந்தது, மே மாதம் விலக்கிக்கொள்ளப்பட்டது. சி.எம்.ஐ.இ. நிறுவனத்தின் கணக்கில் அந்த ஏப்ரலில் மட்டும் 12 கோடிப் பேர் வேலை இழந்தனர். மாதச் சம்பளக்காரர் அவர்களில் 1.77 கோடி. இரண்டாண்டு கழித்து, 2022 ஜூலையில் நடந்த தமிழக அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வின் 7,301 இடங்களுக்கு ஏறக்குறைய 22 லட்சம் விண்ணப்பங்கள் குவிந்திருந்தன.

அரசு, தனியார் ஊதிய ஒப்பீட்டுக்கு இன்று எல்லாரும் எடுத்துக்காட்டுவது, ஏழாவது ஊதியக் குழுவுக்காக அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகம் செய்த ஆய்வு. அரசில் பொது உதவியாளருக்கு 22,579 ரூபாய். தனியாரில் 8,000 முதல் 9,500 வரை. மேல்படிகளில் இந்த நிலை தலைகீழாகும். எண்கள் சரியாகவே இருக்கலாம், ஆனால் அட்டவணையில் இரண்டே பத்திகள்தான். 2012-இல் தமிழக அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டனர். அரசு அலுவலகங்களைப் பெருக்கித் துடைப்பவர்களில் பெரும்பகுதி ஒப்பந்ததாரரிடம் கூலி வாங்குகிறார்கள். பணியிடம் அரசினுடையது, ஊதியம் தனியாரின் பத்தியில் வருவது, மந்தம் வந்தால் முதலில் போவதும் அந்த வேலைதான். இவர்களுக்கு அந்த அட்டவணையில் பத்தி கிடையாது.