நரம்பியல் அறவியலுக்கு நிதி வந்த வழி

மூளையை ஆராய்வதிலும் மூளையில் கருவிகளைப் பொருத்துவதிலும் எழும் அறக்கேள்விகளை ஆராயும் துறை நரம்பியல் அறவியல் ஆகும். இத்துறையின் வரலாறு பெரும்பாலும் அதன் கருத்துகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஆனால் ஒருவர் மூன்று, நான்கு ஆண்டுகள் ஒரே கேள்வியுடன் இருக்க வேண்டுமானால் அவருக்கு யாரோ சம்பளம் கொடுத்தாக வேண்டும். அந்தச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால், அமெரிக்காவில் இத்துறை எந்தக் கேள்விகளை முதலில் கேட்டது, எவற்றைக் காலம் தாழ்த்திக் கேட்டது என்பதும் தெரியவரும்.

1960களில் மூளை ஆய்வுக்குப் பணம் இருந்தது. அதன் அறத்தை ஆராயப் பணம் இல்லை. யேல் பல்கலைக்கழகத்தின் ஹோசே டெல்காடோ, 1963இல் ஸ்பெயினின் கோர்டோபாவில், பாய்ந்து வந்த காளையை அதன் மூளையில் பதித்த மின்முனைகளுக்கு வானொலி அலை அனுப்பி நிறுத்திக் காட்டினார். அவருடைய ஆய்வுகளுக்கு உதவியவற்றுள் அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சி அலுவலகமும் ஒன்று. 1967இல் டெட்ராய்ட் உள்ளிட்ட நகரங்களில் கலவரம் மூண்டபோது, பாஸ்டனைச் சேர்ந்த வெர்னன் மார்க், வில்லியம் ஸ்வீட், ஃபிராங்க் எர்வின் என்ற மூன்று மருத்துவர்கள் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கடிதம் எழுதினர். வறுமையும் வேலையின்மையும் எல்லோருக்கும் பொதுவாக இருக்க, சிலர் மட்டும் வன்முறையில் இறங்குவதற்கு மூளை நோயும் காரணமாக இருக்கலாம், அதை ஆராய வேண்டும் என்பது அதன் சாரம். இன ஒதுக்கலுக்கு எதிரான கோபத்தை மருத்துவப் பிரச்சினையாக்கிய அந்தக் கடிதத்துக்குப் பின்னர் இக்குழுவின் ஆய்வுக்குத் தேசிய மனநலக் கழகத்திடமிருந்தும் நீதித்துறையின் கீழ் இயங்கிய சட்ட அமலாக்க உதவி அமைப்பிடமிருந்தும் பணம் வந்தது.

எதிர்த்துக் கேட்டவர்களுக்கோ எந்த நல்கையும் இல்லை. ஆனாலும் எதிர்ப்பு வலுத்தது. 1974ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வுச் சட்டத்தின்படி அமைந்த ஆணையம், 1977இல் மூளை அறுவை மூலம் நடத்தையை மாற்றுவது பற்றி அறிக்கை தந்தது. அது முழுத் தடையைப் பரிந்துரைக்கவில்லை. கடுமையான கண்காணிப்பைக் கோரியது. ஆணையத்தின் வேலை முடிந்ததும் அந்தக் கேள்விகளைத் தொடர்ந்து ஆராய நிலையான ஏற்பாடு எதுவும் எஞ்சவில்லை.

நிலையான ஏற்பாடு முதலில் வந்தது வேறொரு துறையில். 1988இல் மனித மரபணுத்தொகைத் திட்டத்தின் பொறுப்பேற்ற ஜேம்ஸ் வாட்சன், திட்டப் பணத்தில் ஒரு பகுதி அதன் சமூக விளைவுகளை ஆராயச் செலவிடப்படும் என்று அறிவித்தார். முன்கூட்டித் திட்டமிட்டதாகத் தெரியாத அந்த அறிவிப்பு 1990இல் ஒரு நல்கைத் திட்டமாயிற்று. முதலில் 3 விழுக்காடு என்று பேசப்பட்ட பங்கு 5 விழுக்காடாக உயர்ந்தது. 1993இல் நாடாளுமன்றம் குறைந்தது 5 விழுக்காடு என்று சட்டத்திலேயே எழுதிவைத்தது. அறவியலாளர்களுக்கான வேலைவாய்ப்புத் திட்டம் என்று சிலர் கேலி செய்தனர். கேலியில் உண்மை உண்டு: தத்துவமும் சட்டமும் படித்த இளைஞர்கள் பலருக்கு அறிவியல் அறவியல் ஒரு வாழ்க்கைத்தொழிலாக மாறியது இப்படித்தான். இன்னொரு குறை இதைவிடக் கனமானது. திட்டத்திடமே சம்பளம் வாங்குபவர், அந்தத் திட்டம் வேண்டுமா என்று கேட்பது அரிது. அதை எப்படி நடத்துவது என்றே கேட்பார்.

நரம்பியல் அறவியல் தனித்துறையாக உருவெடுத்தபோது அரசு அங்கே இல்லை. 2002 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மாநாடே அதன் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அதற்குப் பணம் தந்தது டானா அறக்கட்டளை. அதன் தலைவராக இருந்தவர் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பத்தி எழுத்தாளர் வில்லியம் சஃபையர். இத்துறைக்கான சங்கம் 2006இல் தோன்றியது. கிரீன்வால் அறக்கட்டளை இளநிலைப் பேராசிரியர்களுக்கு மூன்று ஆண்டுகள் பாதிச் சம்பளம் தரும் திட்டத்தை நடத்தியது. பாதிச் சம்பளம் என்பது சிறிய உதவிபோலத் தோன்றும். மருத்துவக் கல்லூரியில் பணிபுரியும் ஒருவருக்கு அது வாரத்தில் இரண்டரை நாள் சிந்திக்கக் கிடைக்கும் ஓய்வு. நரம்பியல் அறவியல் அதில் இடம்பெறும் பல பொருள்களில் ஒன்று.

2007இல் மெக்கார்தர் அறக்கட்டளை, சட்டமும் நரம்பியலும் என்ற திட்டத்துக்கு 1 கோடி டாலர் வழங்கியது. உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் அதன் கௌரவத் தலைவர். மூளைப் படத்தைக் கொண்டு பொய்யைக் கண்டுபிடிக்க முடியுமா, குற்றவாளியின் பொறுப்பைக் குறைக்க அது சான்றாகுமா என்ற கேள்விகள் அந்த ஆண்டுகளில் பெரிதாயின. கருவி பொருத்திக்கொண்ட நோயாளி அறுவை முடிந்து பத்தாண்டு கழித்து என்ன செய்வார் என்ற கேள்வி அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

2013 ஏப்ரலில் அதிபர் ஒபாமா 'பிரெயின்' முன்முயற்சியை அறிவித்தார். முதல் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டாலர். அறவியலைத் தொடக்கத்திலேயே ஆய்வுடன் இணைக்க வேண்டும் என்று ஏமி கட்மன் தலைமையிலான அதிபர் ஆணையம் 2014, 2015 ஆண்டுகளில் இரு அறிக்கைகள் தந்தது. ஆனால் மரபணுத் திட்டத்தில் இருந்ததுபோல 5 விழுக்காடு என்ற வேலி இங்கே போடப்படவில்லை. தேசிய நலக் கழகங்கள் அறவியலுக்கெனத் தனி நல்கைகளை அறிவித்தன. அவற்றில் ஆழ்மூளைத் தூண்டல் செய்துகொண்டவர்களையும் அவர்களுடைய குடும்பத்தினரையும் மருத்துவர்களையும் நேரில் கண்டு பேசும் ஆய்வுகள் வளர்ந்தன. நூலகத்திலிருந்து மருத்துவமனைக்கு நகர்ந்த இந்த மாற்றமே இத்துறைக்கு நிதி செய்த பெரிய நன்மை எனலாம். ஐரோப்பாவில் 2013 முதல் 2023 வரை நடந்த மனித மூளைத் திட்டம், அறத்துக்கும் சமூகத்துக்கும் திட்டத்தின் உள்ளேயே ஒரு பிரிவை வைத்திருந்தது.

இந்த ஆய்வு எதற்கு என்பதைச் செயற்கை விழித்திரை ஒன்றின் கதை காட்டுகிறது. செகண்ட் சைட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கருவிக்கு 2013இல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. உலகெங்கும் 350க்கும் மேற்பட்டோர் அதைக் கண்ணில் பொருத்திக்கொண்டனர். 2020இல் நிறுவனம் நிதி நெருக்கடியில் பெரும்பாலான ஊழியர்களை அனுப்பிவிட்டது. கருவி பழுதானால் சரிசெய்ய ஆளில்லை. மங்கலாகவேனும் கிடைத்த ஒளி சிலருக்கு மீண்டும் அணைந்தது. ஆய்வு முடிந்தபின், நிறுவனம் மூடப்பட்டபின், உடலுக்குள் இருக்கும் கருவிக்கு யார் பொறுப்பு என்பதை விற்பவர் கேட்கமாட்டார். அதைக் கேட்பதற்கென்றே ஒருவருக்குச் சம்பளம் வேண்டியிருக்கிறது.

அந்தச் சம்பளம் உறுதியானதன்று. பிரெயின் முன்முயற்சியின் ஆண்டு ஒதுக்கீடு 2023இல் 68 கோடி டாலராக இருந்து 2024இல் 40.2 கோடியாகச் சரிந்தது. சட்டப்படி ஒதுக்கிய பங்கு இல்லாத இடத்தில், வெட்டு விழும்போது அறவியல் நல்கைகளைக் காக்க எதுவும் இல்லை. தனியார் அறக்கட்டளைகள் மீண்டும் முன்னே வருகின்றன. டானா அறக்கட்டளை அண்மையில் நரம்பியலும் சமூகமும் என்ற பொருளில் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு மையத்துக்கு நிதியளித்தது. அதை நடத்தும் இரு நிறுவனங்களில் ஒன்று சார்லஸ் ட்ரூ மருத்துவ, அறிவியல் பல்கலைக்கழகம். அது 1965ஆம் ஆண்டு வாட்ஸ் பகுதிக் கலவரத்துக்குப் பின், அங்குள்ள கறுப்பின மக்களுக்கு மருத்துவ வசதி இல்லாத நிலையைப் போக்க 1966இல் நிறுவப்பட்டது.