பொற்கையும் ரப்பர்க் காலும்

செயற்கை உறுப்பு என்றதும் நம் பழைய இலக்கியங்கள் உலோகத்தையே நினைத்தன. ரிக்வேதத்தில், போரில் காலிழந்த விஸ்பலாவுக்கு அசுவினி தேவர்கள் உலோகக்கால் தருகின்றனர். சிலப்பதிகாரம் சுட்டும் பாண்டியனுக்கோ, தானே வெட்டிக்கொண்ட கைக்கு ஈடாகப் பொற்கை. அந்தக் கையால் அவன் சோறு பிசைந்திருப்பானா என்று வகுப்பில் கேட்பதுண்டு. மாணவர்கள் சிரிப்பார்கள். உண்மையில் இத்துறையின் வரலாறே அந்தக் கேள்விதான்.

அதற்குத் தக்க விடை 1968இல் ஜெய்ப்பூரில் கிடைத்தது. அதிகம் படித்திராத கைவினைஞர் ராமச்சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் சூட்டில் பதப்படுத்திய ரப்பரால் பாதம் செய்தனர். வெறுங்காலோடு வயலில் இறங்கவும், சம்மணமிட்டு அமரவும் அது வளைந்து கொடுத்தது. பொன்னை வென்றது ரப்பர்!

விலங்கின் நிலை இன்னும் கடினம். மனிதன் வலித்தால் சொல்வான், மாடு சொல்லாது. கால் நுழையும் கூடு உராய்ந்து புண் புரையோடும்வரை அது பேசாமல் நிற்கும். 2006இல் கண்ணிவெடியில் காலிழந்த தாய்லாந்து யானைக்குட்டி மோஷாவுக்கு, எடை கூடக்கூடக் காலையும் மாற்ற வேண்டியிருந்தது. ஜெய்ப்பூரிலேயே கால்நடை மருத்துவர் தபேஷ் மாத்தூர் மாடுகளுக்கென ‘கிருஷ்ணா லிம்ப்’ உருவாக்கினார். முப்பரிமாண அச்சு வந்தபின், 2014இல் அமெரிக்காவில் டெர்பி என்னும் நாய்க்கு உறுதியான பொருளையும் ரப்பர்போல் நெகிழும் பொருளையும் ஒரே அச்சில் இணைத்து முன்னங்கால்கள் செய்தார்கள். விஸ்பலாவின் காலத்திலிருந்து வந்த உலோக மோகம் அங்கே முற்றும் கலைந்தது எனலாம்.

ஆயினும், அங்கே பொருந்திய பொருள் இங்கே பொருந்த வேண்டுமென்பதில்லை. இந்தக் கடையத்தில் ஒரு கன்றுக்குக் கால் அச்சிடுவதாகக் கொள்வோம். மக்காச்சோள மாவிலிருந்தும் செய்யப்படும் பி.எல்.ஏ. மலிவானது, எளிதில் அச்சாவது. ஆனால் அறுபது பாகை வெப்பத்தை ஒட்டியே இளகிவிடும், அடிபட்டால் விரியும். சித்திரை வெயிலில் காய்ந்த பாறைமேல் அதை நம்ப முடியாது. நைலான் உறுதியானது, சற்றே வளையவும் செய்யும். ஆனால் ஈரத்தை உறிஞ்சும். சாரல் மாதங்களில் இது சிறு குறையன்று. டி.பி.யு. என்னும் நெகிழ்பிளாஸ்டிக் தேய்மானத்தைத் தாங்கும், வளைந்து மீளும். ஆனால் தனியாக எடையைச் சுமக்கத் துவளும்.

ஆகவே கூட்டுக்கு நைலான், தோல் படும் உட்புறத்துக்கு மென்மையான சிலிக்கோன் உறை, தரையில் பதியும் அடிக்கு டி.பி.யு. என்று பிரித்துக் கொள்வதே தக்கது என்பது என் எண்ணம். ராமநதிப் பாசன வரப்புகளில் முதலில் தேய்வது அடிதான். அதை மட்டும் கழற்றி மாற்றும்படி செய்துவிட்டால், கன்று வளர்ந்து கூடு சிறுத்துப்போகும் வரையில் மற்றவை உழைக்கும்.