ஆப்பிரிக்க, இந்தியப் பெருங்கடல் தீவுக் குறும்படங்களில் உள்ளூர் அடையாளம்

ஆப்பிரிக்காவிலிருந்தும் அதன் கிழக்கே உள்ள கொமொரோஸ், மடகாஸ்கர், மொரிஷியஸ் தீவுகளிலிருந்தும் வரும் குறும்படங்களுக்குத் திரைவிழாக்காரர்கள் ‘அடையாளப் படங்கள்’ என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். அடையாளம் என்றதும் உடை, நடனம், சடங்கு என்று தேடுபவருக்கு இவற்றுள் சிறந்த படங்கள் ஏமாற்றத்தையே தரும். தன் ஊரில் ஒருவர் எதுவரை போகலாம், எங்கே அவரை நிறுத்துவார்கள் என்பதே இப்படங்கள் திரும்பத் திரும்ப எழுப்பும் கேள்வி. இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1934-இல் வந்த லவால் ஆணைப்படி, பிரெஞ்சு ஆப்பிரிக்கக் காலனிகளில் படம் எடுக்க அரசின் முன் அனுமதி வேண்டியிருந்தது. ஆப்பிரிக்கர்களுக்கு அது எளிதில் கிடைக்கவில்லை. அதனால் போலின் சுமானு வியேராவும் நண்பர்களும் 1955-இல் ‘ஆஃப்ரிக் சூர் சேன்’ குறும்படத்தைப் பாரிஸ் தெருக்களில் எடுத்தார்கள். ஆப்பிரிக்கரைப் பற்றி ஆப்பிரிக்கரே எடுத்த படத்தை ஆப்பிரிக்காவில் எடுக்க முடியாமல் போனது.

விடுதலைக்குப் பின்னும் வாசல்கள் முழுதாகத் திறந்துவிடவில்லை என்பதைச் செனகலின் உஸ்மான் செம்பேன் 1963-இல் எடுத்த ‘போரோம் சாரெட்’ காட்டியது. துணை சகாரா ஆப்பிரிக்காவின் முதல் படம் என்று இதைப் பல நூல்கள் குறிக்கின்றன. நைஜரின் முஸ்தஃபா அலசான் 1962-லேயே ‘அவுரே’யை எடுத்துவிட்டார் என்பதால் அந்தப் பட்டத்தைச் சற்றுத் தள்ளிவைப்பது நல்லது. டக்கார் நகரில் குதிரை வண்டி ஓட்டும் ஒருவரின் ஒரு நாள் பாடுதான் படம். நீளம் இருபது நிமிடம்கூட வராது. ஏறுகிறவர்களில் பலர் கூலி தருவதில்லை. கிடைத்த காசையும் வழியில் ஒரு புகழ்பாடி, அவருடைய முன்னோரின் பெருமையைப் பாடியே கறந்துவிடுகிறான். இறந்த குழந்தையோடு வரும் தகப்பனிடம் சரியான காகிதம் இல்லை. இடுகாட்டு வாசலில் அவரைத் தடுத்துவிடுகிறார்கள். பிறகு, நன்றாக உடுத்திய ஒருவர் பிளாட்டோ பகுதிக்குப் போகச் சொல்கிறார். வெள்ளையர் வாழ்ந்து, இப்போது புதிய அதிகாரிகள் குடியேறிய மேட்டுப் பகுதி அது. குதிரை வண்டிக்கு அங்கே தடை. பின்னணியில் ஐரோப்பிய இசை எழுகிறது. போலீஸ்காரர் நிறுத்துகிறார். காகிதம் எடுக்கும்போது வண்டிக்காரரின் ராணுவப் பதக்கம் கீழே விழ, பூட்ஸ் கால் அதை மிதித்து நிற்கிறது. சவாரிக்காரர் நழுவிவிடுகிறார். வண்டி பறிபோக, குதிரையை மட்டும் பிடித்துக்கொண்டு மனிதர் வீடு திரும்புகிறார். முன்னோரின் பெருமை பற்றிய பாட்டு காலையில் அவர் பையைக் காலி செய்தது. மாலையில் அவரைக் காப்பாற்ற அது வரவில்லை. பாரம்பரியத்தை அடையாளமாகக் கொண்டாடுபவர்களுக்கு இதைவிடக் கூரான பதிலை நான் வேறு படத்தில் கண்டதில்லை.

ஒரு மறுப்பு உடனே எழும். வண்டிக்காரரின் மனக்குரல் பிரெஞ்சில் அல்லவா ஒலிக்கிறது, இதில் உள்ளூர் எங்கே? குறை உண்மைதான். செம்பேன் 1968-இல் ‘மாந்தாபி’யை வோலோஃப் மொழியில் பேசவைத்தார். ஆனால் ‘போரோம் சாரெட்’ என்ற தலைப்பையே பாருங்கள்: ‘போரோம்’ என்றால் உடையவர், ‘சாரெட்’, பிரெஞ்சுக்காரரின் ‘ஷாரெட்’ (வண்டி) வோலோஃப் நாக்கில் பட்டு மாறியது. கலப்பில்லாத மொழியைத் தேடினால் தீவுகளில் தேடல் இன்னும் சிக்கலாகும். மொரிஷியஸின் கிரியோல் பிரெஞ்சிலிருந்து கிளைத்தது. கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர்களின் முருங்கை அதில் ‘மூரூம்’ கீரையாக இருக்கிறது. கலந்துபோன பேச்சையும் உள்ளூர்ப் பேச்சாக ஒப்புக்கொண்டால்தான் இந்தப் படங்கள் நமக்குப் பிடிபடும்.

செனகலின் ஜிப்ரில் ஜோப் மாம்பெத்தி தன் நாயகனின் முதுகில் ஒரு கதவையே ஏற்றிவிட்டார். 1994 ஜனவரியில் செனகலின் நாணயமான சி.எஃப்.ஏ. பிராங்கின் மதிப்பு ஒரே நாளில் பாதியானது. அதுவரை 50-க்குக் கிடைத்த ஒரு பிரெஞ்சு பிராங்குக்கு அதன்பின் 100 கொடுக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு வந்த ‘லெ ஃபிராங்’ படத்தில், வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரம்மா வாத்தியத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்ட மாரிகோ என்ற பாட்டுக்காரன் லாட்டரிச் சீட்டு வாங்குகிறான். தொலையாமல் இருக்கக் கதவில் ஒட்டி, மேலே ஒரு சுவரொட்டியையும் ஒட்டிவிடுகிறான். பரிசு விழுகிறது, சீட்டை உரிக்க முடியவில்லை. கீலிலிருந்து கதவைக் கழற்றித் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் நடக்கிறான். (படம் முக்கால் மணி நேரம் ஓடும். ஆஸ்கர் கணக்கில் 40 நிமிடத்தைத் தாண்டினால் குறும்படம் இல்லை. அந்த அளவுகோலை மாம்பெத்தி பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.) நாணயத்தின் மதிப்பை வேறெங்கோ தீர்மானிக்கும் நாட்டில், உள்ளே புகுவதற்கான கதவு சுமையாகவே மாறிவிடுகிறது.

கொமொரோஸ் வம்சாவளியில் வந்து பிரான்சில் பிறந்த ஹஷிமியா அஹமதா எடுத்த ‘லா ரெசிடான்ஸ் இலாங் இலாங்’ 2008-இல் கான் விழாவின் விமர்சகர் வாரப் பிரிவில் திரையிடப்பட்டது. கிராந்த் கொமோர் தீவில் ஜிப்ரில் என்பவர், பல ஆண்டுகளுக்கு முன் பிரான்சுக்குப் போன அண்ணனின் பெரிய வீட்டைப் பராமரித்து வருகிறார். ஆளில்லாத வீடு. ஒருநாள் ஜிப்ரிலின் குடிசை எரிந்துபோகிறது. தங்க இடமில்லை, ஆனால் சாவி கையில் இருக்கிறது. வெளிநாட்டில் பிறந்தவருக்கு உள்ளூர் என்ன தெரியும் என்று இங்கே கேட்பார்கள். எல்லாப் புலம்பெயர்ந்தோர் படங்களுக்கும் என்னால் வாதாட முடியாது. சில வெறும் விடுமுறைப் பார்வைகள்தான். இந்தப் படத்தின் பொருளோ அந்தப் பூட்டிய வீடு. அதைக் கட்டியது பிரான்சில் சம்பாதித்த பணம். தீவின் பாதி வாழ்க்கை கடலுக்கு அப்பால் நடக்கும்போது, அப்பால் இருப்பவர் எடுத்ததாலேயே படம் அந்நியமாகிவிடாது.

பணம் பற்றிய குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. கென்யாவின் வனூரி கஹியு எடுத்த ‘பும்சி’ (2009) அமெரிக்க நிறுவனமான ஃபோக்கஸ் ஃபீச்சர்சின் ‘ஆஃப்ரிக்கா ஃபர்ஸ்ட்’ திட்டத்தில் உதவி பெற்றது. தண்ணீருக்கான போருக்குப் பிறகு, சொந்த வியர்வையையும் சுத்திகரித்துக் குடிக்கும் மூடிய நகரத்தில், ஒரு பெண் முளைத்த விதையோடு தடையை மீறி வெளியேறுகிறாள். காசு கொடுப்பவரின் ருசி படத்துக்குள் நுழையும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் வெளியார் எதிர்பார்த்தது பஞ்சமும் போரும் என்றால், எதிர்கால ஆப்பிரிக்காவைக் காட்டும் அறிவியல் புனைவு அந்த ருசிக்கு அடங்கியதாகத் தோன்றவில்லை. காசைவிட, இப்படங்கள் சொந்த ஊர்ப் பார்வையாளரைச் சென்றடையாததே பெரிய சிக்கல் என்பது என் கணிப்பு. 1969-இல் வாகடூகுவில் தொடங்கிய ஃபெஸ்பாகோ, 2006 முதல் அந்தனனரிவோவில் நடந்துவரும் மடகாஸ்கர் குறும்பட விழா, 2007-இல் மொரிஷியஸில் பிறந்த ‘இல் கூர்’ போன்ற விழாக்களே படங்களைச் சொந்த ஊர்க்காரர் கண்ணில் படச் செய்கின்றன.

குறும்படம் முழுநீளப் படத்துக்கான ஒத்திகைதானே என்பது எஞ்சிய மறுப்பு. மாம்பெத்தியின் தம்பி மகளான மத்தி ஜோப் 2009-இல் 16 நிமிட ‘அத்லாந்திக்’கை எடுத்து, பத்து ஆண்டு கழித்து ஏறத்தாழ அதே பெயரில் முழுநீளப் படம் எடுத்துக் கானில் கிராண்ட் பிரி வென்றார் என்பதை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒத்திகை என்ற சொல் பொருந்தாது. முழுநீளப் படம் ஊரில் தங்கிவிட்ட பெண்களின் கதை. படகேறிப் போன ஆண்கள் ஆவியாய்த் திரும்புகிறார்கள். குறும்படத்தில் டக்கார் கடற்கரையில் இரவு நேரம், நெருப்பு எரிகிறது, சில இளைஞர்கள் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் தான் படகேறிப் போன பயணத்தைச் சொல்கிறான். மற்றவர்கள் கேட்கிறார்கள்.