செல் வேறுபாடடைதல்

கருவுற்ற ஒரே முட்டையிலிருந்து தோன்றும் செல்கள், அமைப்பிலும் பணியிலும் வெவ்வேறு வகைகளாக மாறும் நிகழ்வு. நரம்புச் செல்லிலும் தசைச் செல்லிலும் உள்ள டி.என்.ஏ. ஏறத்தாழ ஒன்றே, அதில் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்பதே வேறுபடுகிறது. இன்சுலின் மரபணு எல்லாச் செல்களிலும் இருந்தாலும், கணையத்தின் பீட்டா செல்களே அந்த ஹார்மோனைச் சுரக்கின்றன.

கருவளர்ச்சியின்போது அண்டைச் செல்களிலிருந்து வரும் வேதிச் சைகைகள், படியெடுத்தல் காரணிகள் எனப்படும் புரதங்களைத் தூண்டுகின்றன. இவை குறிப்பிட்ட மரபணுக்களை இயக்குகின்றன அல்லது அடக்குகின்றன. டி.என்.ஏ.வில் சேரும் மெத்தில் தொகுதிகளும் ஹிஸ்டோன் புரதங்களில் நிகழும் மாற்றங்களும் அந்நிலையை நிலைநிறுத்துகின்றன. செல் பிரியும்போது சேய்ச் செல்களும் பெரும்பாலும் அதே நிலையைப் பெறுகின்றன.

1962இல் ஜான் கர்டன், தலைப்பிரட்டையின் குடல் செல் உட்கருவை, உட்கரு செயலிழக்கச் செய்யப்பட்ட தவளை முட்டையில் செலுத்தித் தலைப்பிரட்டைகளை உருவாக்கினார். வேறுபாடடைந்த செல்லிலும் முழு மரபுத் தகவலும் எஞ்சியிருப்பதை இது காட்டியது. 2006இல் ஷின்யா யமனாகா குழுவினர் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, எலியின் இணைப்புத் திசுச் செல்களைக் குருத்தணு போன்ற வேறுபாடடையாத நிலைக்குத் திருப்பினர். இருவரும் 2012இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்தனர்.

எல்லாச் செல்களிலும் ஒரே டி.என்.ஏ. உள்ளது என்பதற்கு விதிவிலக்குகளும் உண்டு: பி, டி நிணநீர்ச் செல்கள் தம் டி.என்.ஏ.வின் சில பகுதிகளை வெட்டி மாற்றியமைக்கின்றன. பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுக்களில் உட்கரு இல்லை.