கல்லில் எண், ஆயா வாயில் பெயர்

தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஒரு சின்னப் பலகைக்கல்லைப் பார்க்கலாம். பழைய ஆபீசுச் சுவரிலோ, சாவடியிலோ, பள்ளிக்கூட வாசலிலோ பதித்திருப்பார்கள். சுண்ணாம்பு அடித்து அடித்துச் சில இடங்களில் எழுத்தே தூர்ந்துபோயிருக்கும். 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து எத்தனை பேர் போனார்கள், அவர்களில் எத்தனை பேர் உயிரை விட்டார்கள் என்பதை வெள்ளைக்கார அரசு வெட்டி வைத்த கல் அது. போன கணக்கு இருக்கும். செத்த கணக்கு இருக்கும். போனது யார், செத்தது யார் என்பது மட்டும் இருக்காது.

கல்வராயன் மலைக்கு வடக்கே செங்கம் வட்டாரத்தில் வேறு வகைக் கற்கள் உண்டு. பல்லவர் காலத்து நடுகற்கள். அவற்றில் எடுத்தனூர்க் கல் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எருமை மந்தையைக் காக்கப்போய்ச் செத்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு நட்ட கல் அது. அவனோடு நின்று கள்ளர்களைக் கடித்த நாயையும் அதில் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். நாய்க்குப் பெயர் வெட்டத் தெரிந்த மண் இது. ஆயிரத்து முந்நூறு வருசம் கழித்துப் பட்டாளத்துக்குப் போன மனுசனுக்கு இதே மண்ணில் எண்தான் வாய்த்தது.

கொஞ்ச காலம் கள்ளக்குறிச்சியில், பட்டாளத்துக்குப் போனவர்களின் குடும்ப வரலாற்றைக் கணினியில் ஏற்றுகிற ஒரு சின்னக் குழுவுக்கு நான் பொறுப்பாளனாக இருந்தேன். டீக்கடைக்கு மேலே ஒரு அறை. அஞ்சு பேர். நாலு பேர் சங்கராபுரம், சின்னசேலம், தியாகதுருகம் பக்கத்துக் காலனிகளிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். ஒரு பொண்ணு மட்டும் கல்வராயன் மலையிலிருந்து, கரியாலூர்ப் பக்கம். வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிவந்த படிவங்களை இவர்கள் கணினியில் அடிக்க வேண்டும். படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. கட்டு எண்ணிக் கூலி அளக்கிற கதைதான்.

பெயர், தகப்பன் பெயர், சாதி, ஊர், மாவட்டம், படைப்பிரிவு, பணி, ஆதாரம் என்று எட்டுக் கட்டம். சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டத்தை நிரப்பாமல் அடுத்த படிவத்துக்குப் போக முடியாது. "அண்ணா, தகப்பன் பேரு இல்ல. என்னா போட்றது?" என்று கேட்பார்கள். "தெரியாதுன்னு அடிச்சிட்டுப் போங்கப்பா, நேரமாவுது" என்பேன். அப்படிச் சொன்னவன் நான்தான். அடுத்தவரைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதலில் தடுக்கியது பெயர். முனுசாமி, குப்பன், சின்னப்பையன், அந்தோணி. ஆள் பெயரும் தகப்பன் பெயரும் ஒன்றாக இருக்கிற இரண்டு படிவம் வந்தால், கணினி ஒன்றை அழிக்கச் சொல்லும். பட்டாள எண் இருந்தால் பிரித்துவிடலாம். இல்லாவிட்டால்? ஒரே பெயரில் நாலு பேர் இருப்பதும், அவர்களைத் தெரு எப்படிப் பிரித்துக் கூப்பிடும் என்பதும் நமக்குத் தெரியாததா? கெணத்துமேட்டு முனுசாமி, நெட்டையன் மவன் முனுசாமி. அந்த அடைமொழிக்குக் கட்டம் கிடையாது. முதல் வாரத்தில் எத்தனை முனுசாமிகளை இரண்டாவது முறை சாகடித்தோமோ! இதற்கு நேர் எதிராகவும் நடந்தது. குமாஸ்தா காதில் விழுந்தபடி இங்கிலீசில் எழுதிய பெயர் ஒன்று, ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிட்ட பெயர் ஒன்று என்று ஒரே ஆள் மூன்று பேராகப் பதிவானார்.

அடுத்தது ஊர். கணினியில் இருப்பது வருவாய்க் கிராமப் பட்டியல். ஊர் அதில் இருக்கிறது, சேரி இல்லை. தென்னார்க்காடு மாவட்டம் என்று எழுதப்பட்டவர் 1993இல் விழுப்புரத்துக்காரர் ஆனார். 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்காரர் ஆனார். செத்து எவ்வளவோ காலம் ஆகியும் மாவட்டம் மாறிக்கொண்டே இருக்கிறார். அவர் தெரு மட்டும் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. பலகைக்கல்லில் உள்ள 'இந்த ஊர்' என்ற சொல்லையும் இப்படித்தான் நிறுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது. ஊர்க் கணக்கில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஊருக்குள் நடக்க முடிந்தவர்கள்?

பிறகு சாதி. 1922க்கு முந்திய தாளில் பறையன் என்றிருக்கும். எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்துக்குப் பிறகு ஆதிதிராவிடர் என்றிருக்கும். 1936ஆம் வருசத்து ஆணைக்குப் பிறகு பட்டியல் சாதி. வேதத்தில் சேர்ந்திருந்தால் இந்தியக் கிறித்தவர். ஒரே குடும்பத்துக்கு நாலு சொல். பணம் கொடுத்த தரப்பிலிருந்து வந்த ஒருவர், "இந்தக் கட்டம் எதுக்குங்க? எல்லாரும் இந்திய வீரர்தானே, எடுத்துடுங்க" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் சாதி பார்த்து ஆள் எடுத்து, சாதி பார்த்தே கதவைச் சாத்திய இராணுவத்தின் வரலாற்றைச் சாதியை அழித்துவிட்டு எப்படி எழுதுவது?

கும்பினியின் மதராஸ் பட்டாளத்தில் பறையர்கள் இருந்தார்கள். பாலம் கட்டவும் பாதை வெட்டவும் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மதராஸ் சாப்பர்ஸ் படையிலும் இருந்தார்கள். அந்தப் படைக்காரருக்குத் 'தம்பி' என்றே பட்டப்பெயர். 1880களில் தளபதி ராபர்ட்ஸ் போன்றவர்கள் 'போர்ச் சாதி' என்ற கொள்கையைத் தூக்கிப்பிடித்து, தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை என்றார்கள். மதராஸ் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. 1890களில் மகர்களுக்கும் கதவு மூடியது. அம்பேத்கரின் தகப்பனார் ராம்ஜி சக்பால் சுபேதார். அம்பேத்கர் 1891இல் பிறந்ததே மாவ் இராணுவக் குடியிருப்பில்தான். 1914இல் ஆள் தேவைப்பட்டதும் கதவு மறுபடி திறந்தது. மதராஸ் மாகாணத்திலிருந்து 50 ஆயிரத்துக்கு மேல் படைவீரர்களும் 40 ஆயிரத்துக்கு மேல் படைசாராப் பணியாட்களும் போனார்கள். போர் முடிந்து கொஞ்ச காலத்தில் திரும்பவும் ஆள்குறைப்பு. பாதை வெட்டிய பயனீர் படைகளை 1933க்குள் கலைத்தே விட்டார்கள்.

பெயர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கோரேகாவ் சாட்சி. 1818 ஜனவரி 1 அன்று அங்கே பேஷ்வா படையோடு நடந்த சண்டையில் இறந்த கும்பினிச் சிப்பாய்கள் 49 பேரின் பெயர் தூணில் இருக்கிறது. அதில் 22 பெயர் 'நாக்' என்று முடிகிறது. அதை வைத்துத்தான் அவர்கள் மகர்கள் என்று தெரிகிறது. 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அந்தத் தூணுக்கு முன்னால் போய் நின்றார். வெறுமனே '49 பேர்' என்று வெட்டியிருந்தால் யார் அங்கே போய் எதைச் சொந்தம் கொண்டாடியிருக்க முடியும்? வெள்ளைக்காரன் நம்மைக் கவுரவித்தான் என்று குளிர்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவன் வேலைக்கு நம்மைச் சாகக் கொடுத்தான். பெயர் வெட்டிய இடத்திலிருந்து நாம் நம்ம வேலையைத் தொடங்கினோம் என்பதுதான் சங்கதி.

எண் வெட்டிய இடத்துக்குப் பஸ்ரா சாட்சி. மெசபொத்தாமியாப் போரில் செத்து, புதைத்த இடம் தெரியாத 40 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கான நினைவுச்சின்னம் அங்கே இருக்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்க்குச் சுவரில் பெயர். இந்திய அதிகாரிக்கும் பெயர். சாதாரண இந்தியச் சிப்பாய்க்குப் படைப்பிரிவுக்குக் கீழே எண். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் நூறு வருசம் கழித்து, 2021இல், இதை ஒப்புக்கொண்டு அறிக்கை வெளியிட்டது. ஆப்பிரிக்கர், இந்தியர் முதலானோரில் 45 ஆயிரம் முதல் 54 ஆயிரம் பேர் சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள், குறைந்தது 1 இலட்சத்து 16 ஆயிரம் பேர் பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்கிறது அது. இங்கேதான் 'பணி' என்ற கட்டம் முக்கியமாகிறது. தண்ணீர் சுமந்தவர், சமைத்தவர், கழுதை ஓட்டியவர், மலம் அள்ளியவர், மூட்டை தூக்கியவர் எல்லாரும் பட்டாளக் கணக்கில் 'ஃபாலோயர்', பின்னால் போனவர். நம்ம ஆட்கள் பலர் போனது இப்படித்தான். எங்கள் படிவத்திலோ சிப்பாய், நாயக், ஹவில்தார், சுபேதார் தவிர வேறு பணி கிடையாது.

பஞ்சாபில் 1919இலேயே ஊர் ஊராகப் பேர் எழுதினார்கள். 3 இலட்சத்து 20 ஆயிரம் பேரின் பெயர், குடும்பம், ஊர், படைப்பிரிவு எல்லாம் அடங்கிய பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிட்டத்தட்ட நூறு வருசம் கிடந்தன. 2021 நவம்பரில் அவற்றில் மூன்று மாவட்டங்களின் பெயர்களைக் கணினியில் ஏற்றி வெளியிட்டார்கள். பஞ்சாபியின் பேரன் இன்று தாத்தா பெயரை அடித்துத் தேடலாம். அந்த மூன்று மாவட்டத்துக்கும் கைப்பட அடித்தவர்கள் இருந்திருப்பார்கள். எங்களைப் போலவே கண் எரிந்திருப்பார்கள். ஆனால் அவர்கள் முன்னால் பதிவேடு இருந்தது. எங்கள் முன்னால் ஒரு ஆயா இருந்தது.

'ஆதாரம் இல்லை' என்று திரும்பிவந்த படிவம் அது. சரிபார்க்க நானே போனேன். எண்பது வயசுக்கு மேல். தாத்தா முதல் சண்டைக்குப் போனவர்.

"எங்க தாத்தா பசரா போயி வந்தவரு. மெடலு இருந்துச்சி தம்பி. பஞ்சத்துல அடவு வெச்சோம், மூழ்கிப் போச்சி. வித்துத் தின்னுட்டோம்னே எழுதிக்க. அதுல வெக்கம் என்னா கீது?"

அந்தப் போர்ப் பதக்கம் படைவீரருக்கு வெள்ளியில், தொழிற்படைக்காரருக்கு வெண்கலத்தில். அதன் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். கல்லில் எண்ணாகிப்போன மனுசனுக்கு அரசு பெயர் பொறித்துக் கொடுத்த இடம் அந்த விளிம்பு ஒன்றுதான். அது அடகுக்கடையில் உருகியது. உருகியதால்தான் அந்த வீடு கஞ்சி குடித்தது. இதை 'ஆதாரம் இல்லை' என்று எழுதுவது பொய் இல்லையா?

எழுந்து வரும்போது ஆயா கேட்டது: "தாத்தா பேரு கேட்ட, அவரு அப்பன் பேரு கேட்ட. அவரு திரும்பி வர்ற வரைக்கும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போயி நாலு புள்ளைங்கள காப்பாத்துனாளே எங்க ஆயா, அவ பேர ஏன் கேக்கல?"

எட்டுக் கட்டத்தில் பெண்ணுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. பெயரைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். படிவத்துக்காகச் சொன்ன பெயர், அதனால் இங்கே போடவில்லை.

மறுநாள் இதை அறையில் சொன்னேன். மலையிலிருந்து வரும் பொண்ணு சிரித்தது. "எங்க மல 1976 வரைக்கும் ஜாகிர்தாருங்க கையில இருந்துச்சி. தாத்தா காலத்துல பட்டா ஏது, காயிதம் ஏது? ஆதாரம் கேட்டா மலையத்தான் காட்டணும்." கல்வராயன் மலை மக்கள் எந்த நிலையில் வாழ்கிறார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது 2024இல். அதுவும் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அந்த ஜூன் மாதம் விஷச் சாராயத்துக்கு 60க்கு மேற்பட்டோர் பலியான பிறகு. அப்போதும் தினம் தினம் எண்தான் ஏறிக்கொண்டிருந்தது. செத்தவர்களில் பலர் தலித்துகள். தொலைக்காட்சியில் எண்ணைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு ஒரு பெயராவது ஞாபகம் இருக்கிறது?

அந்த வாரம் படிவத்தை மாற்றினோம். 'தாளில் உள்ளபடி' ஒரு கட்டம், 'குடும்பம் சொல்கிறபடி' ஒரு கட்டம். ஒன்றை வைத்து இன்னொன்றைத் திருத்தக் கூடாது. சாதிக்குத் தாளில் இருக்கும் சொல்லையே அடிக்க வேண்டும். ஊருக்குப் பக்கத்தில் தெரு. பணிக்குக் குடும்பம் சொன்ன வேலை. தாய், மனைவி பெயர். சொன்னவர் பெயர். கடைசியாக, எந்தக் கட்டம் காலியோ அது ஏன் காலி என்று ஒரு வரி. 'தெரியாது' என்ற சொல்லை ஒழித்தோம். "யாருக்குத் தெரியாது? நமக்கா, அவுங்களுக்கா?" என்று கேட்டவள் அந்த மலைப் பொண்ணுதான். ஒரு படிவத்துக்கு ஆகிற நேரம் கூடியது, கூலி குறைந்தது. கூலியை நாள்கணக்காக மாற்றக் கேட்டுச் சண்டை போட்டோம். பாதிதான் கிடைத்தது. அழித்த முனுசாமிகளைத் தேடிப் பழைய தாள்களைத் திரும்பப் புரட்டினோம். எல்லாரும் கிடைக்கவில்லை.

தோழர்களே, வரலாறு எழுதப் பெரிய பட்டம் வேண்டும் என்று நினைக்கிறோம். கட்டத்தில் என்ன அடிக்கலாம் என்று முடிவு செய்கிற இடத்திலேயே பாதி வரலாறு முடிந்துவிடுகிறது. அந்த நாற்காலியில் இன்று நம்ம பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்க ஊரில் அந்தப் பலகைக்கல் இருந்தால் சுண்ணாம்பைச் சுரண்டி எண்ணைப் படியுங்கள். பிறகு சேரிக்குப் போய், பட்டாளத்தான் வீடு எது என்று கேளுங்கள். பெயர் சொல்ல ஒரு ஆயா இருக்கும். ரொம்ப நாளைக்கு இருக்காது.