நெஞ்சின் நடுவே காற்று கசிவது ஏன்?

இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே உள்ள இடத்தில்தான் இதயம், பெரிய இரத்தக் குழாய்கள், மூச்சுக்குழாய், உணவுக்குழாய் ஆகியவை இருக்கின்றன. இந்த உறுப்புகளைச் சுற்றிக் காற்று இருக்கக் கூடாது. எங்கிருந்தோ கசிந்து அங்கே காற்று சேர்வதை மருத்துவர்கள் 'நியூமோமீடியாஸ்டினம்' என்கிறார்கள். காற்றின் அளவைவிட, அது எங்கிருந்து கசிந்தது என்பதே முக்கியம்.

நுரையீரலிலிருந்து கசிவது

பெரும்பாலும் நடப்பது இதுதான். நுரையீரலுக்குள் அழுத்தம் திடீரென்று கூடும்போது நுண்ணிய காற்றறைகள் வெடிக்கின்றன. வெளியேறும் காற்று இரத்தக் குழாய்களை ஒட்டியே நகர்ந்து நெஞ்சின் நடுப்பகுதிக்கு வந்து சேர்கிறது. இந்தப் பாதையைக் கனடா நாட்டு ஆய்வாளர் சார்லஸ் மேக்லின் 1939-ல் விளக்கினார்.

இதற்குக் காரணமாகக்கூடியவை:

• கடுமையான ஆஸ்துமா
• விடாத இருமல், தொடர் வாந்தி
• பிரசவத்தின்போது முக்குவது, அதிகப் பளு தூக்குவது
• போதைப் புகையை இழுத்து மூச்சை அடக்குவது
• ஆழ்கடலில் மூழ்கியவர் மூச்சைப் பிடித்தபடி மேலே வருவது
• வெண்டிலேட்டர் சிகிச்சை

சிறு குழந்தைகளுக்கு, வேர்க்கடலை போன்ற பொருள் மூச்சுக்குழாயில் சிக்குவதாலும் ஏற்படலாம்.

உணவுக்குழாயிலிருந்து கசிவது

அரிதானது, ஆனால் உயிருக்கு ஆபத்தானது. பலமாக வாந்தி எடுக்கும்போது உணவுக்குழாய் கிழிந்துவிடலாம். டச்சுக் கடற்படைத் தளபதி ஒருவர் இப்படி இறந்ததை மருத்துவர் போர்ஹாவே 1724-ல் பதிவு செய்தார். விழுங்கிய எலும்புத் துண்டு குத்துவதாலும், அரிதாக எண்டோஸ்கோப்பியின்போதும் கிழியலாம். காற்றோடு உணவும் எச்சிலும் கிருமிகளும் கசிவதால் கடும் தொற்று உண்டாகும். ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் ஆபத்தைக் கூட்டும்.

காயத்தால் கசிவது

சாலை விபத்தில் நெஞ்சில் பலமாக அடிபடுவது, கத்திக்குத்து, மூச்சுக்குழாயில் ஏற்படும் கிழிசல் ஆகியவையும் காரணங்களே.

அறிகுறிகள்

திடீர் நெஞ்சுவலி, கழுத்துக்கும் தோளுக்கும் பரவும் வலி, மூச்சுத்திணறல், குரல் மாற்றம், விழுங்குவதில் சிரமம். கழுத்து வீங்கி, தொட்டால் தோலுக்கடியில் நறநறவென்று உணர்ந்தால், அது காற்றுக் கசிவின் முக்கிய அடையாளம்.

வீட்டில் செய்யக் கூடாதது

நெஞ்சுவலி வந்தாலே 'வாயுப் பிடிப்பு' என்று சோடாவோ ஓமத் தண்ணீரோ கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். வாந்திக்குப் பிறகு கடும் நெஞ்சுவலி வந்தால் அப்படிச் செய்யாதீர்கள். உணவுக்குழாய் கிழிந்திருந்தால், குடிக்கும் தண்ணீரும் நெஞ்சுக்குள் கசியும். எதுவும் கொடுக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் மூலம் கசிவைக் கண்டறியலாம். நுரையீரலிலிருந்து தானாகக் கசிந்த காற்று என்றால், ஓய்வு, வலி மாத்திரை, தேவைப்பட்டால் ஆக்சிஜன் போதும். பெரும்பாலும் சில நாட்களில் உடலே அதை உறிஞ்சிக்கொள்ளும். உணவுக்குழாய் கிழிந்திருந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். இரண்டில் எது என்பதை மருத்துவமனையில்தான் தீர்மானிக்க முடியும்.