நீதிபதிகளின் சமூகப் பின்னணி: தரவுகள் வெளிவந்த வரலாறு

இந்திய உயர் நீதிமன்றங்களுக்கும் உச்ச நீதிமன்றத்திற்கும் நியமிக்கப்படும் நீதிபதிகள் எந்தெந்தச் சமூகப் பிரிவுகளைச் சேர்ந்தவர்கள் என்ற கேள்விக்கு நீண்டகாலம் அரசிடம் பதில் இல்லை. அரசியலமைப்பின் 124, 217 ஆகிய பிரிவுகள் இந்நியமனங்களில் இடஒதுக்கீடு வழங்கவில்லை. இடஒதுக்கீடு இல்லாததால் பிரிவுவாரியான கணக்கும் மைய அளவில் பராமரிக்கப்படவில்லை. அந்தக் கணக்கு பொதுவெளிக்கு வந்தது 2018க்குப் பிறகுதான்.

பெயர்களால் அறியப்பட்ட காலம்

புள்ளிவிவரம் இல்லாத காலத்தில் ‘முதலாமவர்’ பட்டியலே கணக்காக இருந்தது. 1959இல் அன்னா சாண்டி கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார். இந்தியாவில் உயர் நீதிமன்ற நீதிபதியான முதல் பெண் இவரே. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஏ. வரதராஜன் 1980இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதியானார். 1989இல் பாத்திமா பீவி உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகப் பொறுப்பேற்றார். 2007இல் கே. ஜி. பாலகிருஷ்ணன் முதல் தலித் தலைமை நீதிபதியானார். உச்ச நீதிமன்றம் தொடங்கி 30 ஆண்டுகளுக்குப் பிறகே ஒரு தலித் நீதிபதி அங்கு அமர்ந்தார் என்பதை இப்பட்டியல் காட்டுகிறது. ஆனால் மொத்த நீதிபதிகளில் எந்தப் பிரிவினர் எத்தனை பேர் என்பதை அது சொல்லவில்லை.

வெளிப்படைத்தன்மைக்கான வழக்குகள்

நியமனம் பற்றிய ஆவணங்களை மறைக்கலாமா என்ற கேள்வி 1981ஆம் ஆண்டின் எஸ். பி. குப்தா வழக்கில் எழுந்தது. சட்ட அமைச்சருக்கும் தலைமை நீதிபதிகளுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தை வெளியிட முடியாது என அரசு வாதிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் கடிதங்களை வெளியிட உத்தரவிட்டது. இருப்பினும் நியமனத்தில் அரசின் கருத்தே மேலோங்கும் என்றும் அதே தீர்ப்பு கூறியது.

1993, 1998 ஆகிய ஆண்டுகளில் வந்த தீர்ப்புகள் அந்த நிலையை மாற்றின. தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகளும் அடங்கிய கொலீஜியம் பரிந்துரைக்கும் முறை உருவானது. இதற்கு மாற்றாக நாடாளுமன்றம் இயற்றிய தேசிய நீதித்துறை நியமன ஆணையச் சட்டத்தை 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மூடிய கதவுகளுக்குள் முடிவுகள் எடுக்கப்படுகின்றன என்ற விமர்சனம் தொடர்ந்ததால், 2017 அக்டோபரில் கொலீஜியம் தன் தீர்மானங்களை இணையதளத்தில் வெளியிட முடிவு செய்தது. தலைமை நீதிபதியின் அலுவலகமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திற்கு உட்பட்டதே என 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2018: படிவமும் எண்களும்

உயர் நீதிமன்ற நீதிபதி பதவிக்குப் பரிந்துரைக்கப்படுவோர் தம் சமூகப் பின்னணியைக் குறிப்பிடும் படிவம் 2018 முதல் நடைமுறைக்கு வந்தது. இதில் திரண்ட விவரங்களை மத்திய சட்ட அமைச்சகம் நாடாளுமன்றக் கேள்விகளுக்கான பதில்களில் தெரிவித்துவருகிறது. 2018 முதல் 2023 ஜூலை 17 வரை நியமிக்கப்பட்ட 604 பேரின் நிலை:

- பொதுப்பிரிவு: 458
- இதர பிற்படுத்தப்பட்டோர்: 72
- சிறுபான்மையினர்: 34
- பட்டியல் சாதியினர்: 18
- பட்டியல் பழங்குடியினர்: 9
- தகவல் இல்லாதவர்கள்: 13

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு, நியமனங்களில் அவர்கள் பங்கு சுமார் 3 விழுக்காடு. பழங்குடியினர் 8.6 விழுக்காடு, நியமனங்களில் சுமார் 1.5 விழுக்காடு. 2025 மார்ச்சில் மாநிலங்களவையில் தரப்பட்ட பதிலின்படி, 2018 முதல் நியமிக்கப்பட்டவர்கள் 715ஆக உயர்ந்திருந்தனர். அவர்களுள் பட்டியல் சாதியினர் 22 பேர், பழங்குடியினர் 16 பேர். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் பட்டியல் சாதியினரின் விகிதம் மாறவில்லை என்பதை இரு பதில்களையும் ஒப்பிட்டே அறிய முடிகிறது.

தரவின் எல்லை

இவை நீதிபதிகள் தாமே அளித்த தகவல்கள். நியமனம் பெற்றவர்களை மட்டுமே காட்டுபவை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, நியமிக்கப்பட்டவர்களோடு விண்ணப்பித்தவர்களின் இன, பாலின விவரமும் தொகுப்பாக ஆண்டுதோறும் வெளியிடப்படுகிறது. விண்ணப்பித்தவர் எத்தனை, தேர்வானவர் எத்தனை என்று அங்கே ஒப்பிடலாம். இந்தியாவில் விண்ணப்ப முறை இல்லை. உயர் நீதிமன்றக் கொலீஜியம் யார் யாரைப் பரிசீலித்தது என்ற பட்டியலும் வெளியாவதில்லை. எனவே குறைவு வழக்கறிஞர் தொழிலிலேயே தொடங்குகிறதா, தேர்வில் ஏற்படுகிறதா என்பதை இந்த எண்களால் மட்டும் முடிவு செய்ய இயலாது.

2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் மேலும் ஓர் அடி முன்வைத்தது. 2022 நவம்பர் முதல் கொலீஜியம் ஏற்ற உயர் நீதிமன்ற நியமனப் பரிந்துரைகளைப் பெயர்வாரியாகத் தன் தளத்தில் வெளியிட்டது. சமூகப் பிரிவு, பெண்களா என்ற விவரம், பதவியில் உள்ள அல்லது ஓய்வுபெற்ற நீதிபதிகளுக்கு உறவினரா என்ற விவரம் ஆகியன அதில் இடம்பெற்றன. அதுவரை வழக்கறிஞர் வட்டாரங்களில் பேச்சாக மட்டுமே இருந்த உறவுமுறைக் குற்றச்சாட்டை, எவரும் பட்டியலைப் பார்த்துச் சரிபார்க்கும் நிலை அன்று உருவானது.